கோவளத்துக் கருமணல்

தென்மேற்குப் பருவமழை ஓயும் நாள்களில் திருவனந்தபுரத்தின் தெற்கே கோவளத்துக் கடற்கரைக்குச் செல்வோர், மணலில் கரிய பட்டைகள் நீண்டு கிடப்பதைக் காண்பர். கப்பல் கசியவிட்ட எண்ணெயோ, சாக்கடை கொண்டுவந்து தள்ளிய கழிவோ என்று ஐயுற்று ஒதுங்கி நடக்கும் வெளியூரார் உண்டு. நண்பகலில் அப்பட்டையின்மேல் வெறுங்காலை வைத்தால் பக்கத்து வெண்மணலைவிடக் கூடுதலாகச் சுடும். கரியபொருள் ஒளியை விழுங்கி வெப்பமாக்கும் என்பது இயற்பியல் நூலின் முதற்பாடங்களுள் ஒன்று. இங்கே அதை உள்ளங்கால் படித்துவிடுகிறது.

தனிமம், சேர்மம், அடர்த்தி, காந்தம், மின்கடத்தல், கதிரியக்கம், அரைவாழ்வு எனப் பள்ளிநூல்கள் இயல்வாரியாகப் பகுத்து வைத்திருக்கும் அடிப்படைகள் பலவும் இந்தக் கருமணலில் ஒருங்கே கிடக்கின்றன. இயற்கைக்கு இயற்பியல் வேறு, வேதியியல் வேறு, நிலவியல் வேறு என்ற பாகுபாடு தெரியாது. பாடவேளை மாற மணியடிப்பது பள்ளியில்தான்.

இம்மணலின் பிறந்தகம் கடலன்று, மலை. பொன்முடியும் அதைச் சூழ்ந்த குன்றுகளும் கொண்டலைட்டு, சார்னோக்கைட்டு என்னும் பழம்பாறைகளால் ஆனவை. ஏறத்தாழ 55 கோடி ஆண்டுகளுக்கு முன், மடகாசுகரும் இலங்கையும் நம் நிலத்தோடு ஒட்டிக் கிடந்த காலத்தில், புவியின் ஆழத்தில் கடும் வெப்பத்திலும் அழுத்தத்திலும் இப்பாறைகள் வெந்து உருமாறின. பின்னர் மேலே உயர்ந்து, வெயிலுக்கும் மழைக்கும் முகம் கொடுத்தன. மலையாளக் கரையின் வெம்மையும் ஈரமும் பாறையை அரிப்பதில் வல்லவை. பாறையிலுள்ள பெல்சுபார் மணிகள் சிதைந்து வெண்களிமண்ணாகின்றன. தோன்னக்கல் பகுதியில் வெட்டியெடுக்கப்படும் வெண்களி அவ்வாறு உண்டானது. சிதையாமல் எஞ்சும் கடின மணிகளை நெய்யாறும் கரமனையாறும் வாமனபுரத்தாறும் கடலுக்குச் சுமந்து செல்கின்றன.

அங்கே அலை தன் வேலையைத் தொடங்குகிறது. கரையேறும் அலை எல்லா மணிகளையும் வாரிக்கொண்டு வருகிறது. திரும்பும் நீர் அத்தனை வலுவுடையதன்று. அதில் ஒரு பகுதியை மணலே உறிஞ்சிக்கொள்கிறது. ஆகவே அது இலகுவான மணிகளை மட்டும் இழுத்துச் செல்ல, கனத்தவை கரையிலேயே தங்கிவிடுகின்றன. வெண்மணலாகிய குவார்ட்சின் அடர்த்தி நீரைப்போல் 2.65 மடங்கு. கருமணலின் பெரும்பகுதியாகிய இல்மனைட்டு ஏறத்தாழ 4.7 மடங்கு, மோனசைட்டு 5 மடங்குக்கும் மேல். நுணுகிப் பார்த்தால் கரிய மணிகள் வெண்மணிகளைவிடச் சிறியனவாக இருப்பதும் தெரியும். சிறிதாயினும் கனமான மணியும், பெரிதாயினும் இலகுவான மணியும் நீரில் ஒரே விரைவில் அமிழ்வதால் இரண்டும் சேர்ந்தே கரைக்கு வருகின்றன. வந்தபின் சிறியது பெரியதன் இடுக்கில் பதுங்கிக்கொள்கிறது; பெரியது நீரோட்டத்துக்குத் தலைநீட்டி அகப்பட்டுக்கொள்கிறது. ஆனி, ஆடிக் கொந்தளிப்பில் இப்புடைப்பு இடைவிடாது நடப்பதால் மழைக்காலத்தின் ஈற்றில் கருமை மிகுந்து தெரிகிறது.

ஒரு சிட்டிகை மணலை வெள்ளைத்தாளில் பரப்பி, பத்துமடங்கு பெருக்கிக்காட்டும் கைவில்லையால் பாருங்கள். கருமை என்று கண்ணுக்குத் தோன்றியது பல நிறங்களின் கூட்டமாகிவிடும். எஃகின் மினுக்கோடு கரியதாக நிற்பது இல்மனைட்டு. மாதுளை முத்துப்போல் இளஞ்சிவப்பாக ஒளி ஊடுருவ நிற்பது கார்னெட்டு. செம்பழுப்பில் மின்னுவது ரூட்டைல். நிறமற்று, வைரத்தின் பளபளப்போடு இருப்பது சிர்க்கான். நீளவாக்கில் குச்சியாகக் கிடப்பது சில்லிமனைட்டு. மங்கிய தேன்நிறத்தில், விளிம்புகள் தேய்ந்து உருண்டு, எண்ணிக்கையில் மிகக் குறைந்து கிடப்பது மோனசைட்டு. இந்தக் கடற்கரையின் பேரையும் பூசலையும் உலகெங்கும் கொண்டுசென்றது அதுதான்.

இனி ஒரு காந்தம் வேண்டும். பள்ளிக்கூடத்துச் சட்டக்காந்தம் போதாது. பழுதான கணினியின் வன்தட்டைப் பிரித்தால் கிடைக்கும் நியோடிமியக் காந்தம் நன்று. அதை மெல்லிய நெகிழித்தாளில் சுற்றி மணலின்மேல் நகர்த்தினால் இல்மனைட்டு மணிகள் எழுந்து ஒட்டிக்கொள்ளும். இன்னும் நெருக்கிப் பிடித்தால் கார்னெட்டும் வரும். சிர்க்கானும் ரூட்டைலும் குவார்ட்சும் அசையமாட்டா. இரும்புக்கு மட்டுமே காந்தம் என்று நினைத்திருக்கும் மாணவர் இங்கே நின்று யோசிக்க வேண்டும். இல்மனைட்டில் இரும்பு உண்டு, கார்னெட்டிலும் உண்டு. ஆனால் அது உலோகமாக இல்லை, உயிர்வளியோடும் பிறவற்றோடும் கட்டுண்டு கிடக்கிறது. கட்டுண்ட நிலையிலும் இரும்பணுவில் இணைசேராத மின்னணுக்கள் இருப்பதால் வலிய காந்தத்துக்கு அது செவிசாய்க்கிறது. இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. கையிலிருக்கும் காந்தத்துக்கு வலிமை தரும் நியோடிமியம் என்னும் அருமண் தனிமம், தாளில் அசையாமல் கிடக்கும் அந்தத் தேன்நிற மோனசைட்டு மணிக்குள் இருக்கிறது.

குமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சியிலும் கொல்லத்தை அடுத்த சவறாவிலும் உள்ள பிரிப்பாலைகள் செய்வதும் இதே வேலையைத்தான், பேரளவில். சுருள் தொட்டிகளில் நீரோடு ஓடவிட்டு அடர்த்தியால் பிரிப்பர். உலர்த்தி, காந்தத்தால் பிரிப்பர். எஞ்சியதை உயர்மின்னழுத்தம் ஏற்றிய உருளைகளின்மேல் வீழ்த்தி மின்கடத்தும் திறனால் பிரிப்பர். இல்மனைட்டும் ரூட்டைலும் மின்னைக் கடத்தும். சிர்க்கானும் மோனசைட்டும் கடத்தா. ரூட்டைலையும் சிர்க்கானையும் காந்தம் பிரிக்காது, மின்னுருளை பிரித்துவிடும். மோனசைட்டும் சிர்க்கானும் மின்னுருளையில் ஒன்றுபோல் நடந்துகொள்ளும். மோனசைட்டில் உள்ள மெல்லிய காந்தவியல்பு அதைக் காட்டிக்கொடுத்துவிடும். ஒரு பண்பு கைவிடும் இடத்தில் மற்றொன்று கைகொடுக்கிறது.

திருவனந்தபுரத்துக்கு இம்மணல் தந்த பெரும்பேறு கொச்சுவேளியில் கடலை ஒட்டி நிற்கும் டைட்டானியம் ஆலை. திருவிதாங்கூர் டைட்டானியம் நிறுவனம் 1946இல் தோற்றுவிக்கப்பட்டது. 1951இல் ஆக்கம் தொடங்கியது. கரிய மணலை உள்ளே செலுத்தி வெண்பொடியை வெளியே எடுப்பது அதன் தொழில். அந்த வெண்பொடி டைட்டானியம் ஈருயிர்வளியம்: சுவருக்குப் பூசும் வண்ணம், தாள், பற்பசை, முகமாவு எனத் தூய வெண்மை வேண்டும் இடமெல்லாம் அது உண்டு. அதற்கு முன் வெண்மைக்காக ஈயவெள்ளையைப் பூசி நஞ்சோடு வாழ்ந்தார்கள்.

கருமை எவ்வாறு வெண்மையாகிறது? இல்மனைட்டில் ஓர் இரும்பணுவுக்கு ஒரு டைட்டானிய அணுவும் மூன்று உயிர்வளி அணுக்களும் உள்ளன. கருமைக்குக் காரணம் இரும்பு. மணலை நுண்மாவாக அரைத்துச் செறிந்த கந்தக அமிலத்தில் இட்டால் கொதித்துப் பொங்கிக் கட்டியாக இறுகும். அதை நீரில் கரைத்தால் இரும்பும் டைட்டானியமும் ஒருசேரக் கரைசலில் நிற்கும். இப்போது இரும்பை விலக்க வேண்டும். அதற்கு ஆலைக்காரர்கள் செய்வது என்ன தெரியுமா? பழைய இரும்புத் துண்டுகளைக் கொண்டுவந்து அக்கரைசலுக்குள் இடுகிறார்கள்! இரும்பைப் போக்க இரும்பையே இடுவது முதற்பார்வைக்கு அறியாமைபோலத் தோன்றும். கரைசலில் மூன்று மின்னணு இழந்து நிற்கும் இரும்பு, டைட்டானியத்தோடு சேர்ந்து படிந்து வெண்மையைக் கெடுக்கும் இயல்புடையது. இட்ட இரும்பு தன் மின்னணுக்களை அதற்குக் கொடுத்து, இரண்டு மட்டும் இழந்த நிலைக்கு இறக்கிவிடுகிறது. அந்நிலையில் இரும்பு கரைசலிலேயே அமைதியாகத் தங்கும். குளிரவைத்தால் பச்சைப் பளிங்குகளாகப் பிரியும். நம் மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த அன்னபேதியே அந்தப் பச்சைப் பளிங்கு. எஞ்சிய கரைசலைக் கொதிக்கவைத்தால் டைட்டானியம் வெண்படிவாக இறங்கும். அதைக் கழுவிச் சூளையில் சுட்டால் வேலை முடிந்தது.

வெண்மை என்பதும் ஆராயத்தக்கதே. ஒளியின் எந்நிறத்தையும் விழுங்காத பொருள் கண்ணாடிபோலத் தெளிவாக இருக்கலாம். பொடியாக்கினால் வெண்மையாகத் தோன்றலாம். குவார்ட்சுப் பொடியும் வெண்மைதான். ஆயினும் அதை எண்ணெயில் குழைத்துச் சுவரில் பூசினால் வெண்மை மறைந்து, சுவரின் பழங்கறை பல்லிளிக்கும். குவார்ட்சின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.5, எண்ணெய்க்கும் அதேயளவு. இரண்டுக்கும் இடையே ஒளிக்கு எல்லை தெரியாததால் நேரே ஊடுருவிப் போய்விடுகிறது. கொச்சுவேளியில் செய்யப்படும் அனட்டேசு வகை டைட்டானிய வெண்மைக்கு அந்த எண் 2.5, வைரத்துக்கே 2.4தான். ஒவ்வொரு துகளிலும் ஒளி முறிந்து முறிந்து திரும்பிவிடுவதால் அடிச்சுவரின் கறை கண்ணுக்கு எட்டுவதில்லை. சவறாவில் குளோரின் வழியாகச் செய்யப்படும் ரூட்டைல் வகைக்கு 2.7. அனட்டேசும் ரூட்டைலும் அணுக்கணக்கில் ஒன்றே. அடுக்கும் முறையில் வேறு. அதே பொருள், அடுக்கு மாறினால் அடர்த்தியும் ஒளிவிலகலும் மாறிவிடுகின்றன.

வெண்மை மட்டும் வெளிவருவதில்லை. பிரிந்த இரும்பும் செலவழிந்த அமிலமும் எங்கேயாவது போகவேண்டும். கொச்சுவேளி ஆலையின் அமிலக் கழிவு பல பத்தாண்டுகளாகக் கடலில் விடப்பட்டு வந்தது. காற்றுப்பட்ட இரும்பு துருவாகி நீரைச் செந்நிறமாக்கிற்று. அப்பகுதி மீனவர் அதை எதிர்த்துக் குரல் கொடுத்தனர். பொருள் அழிவதில்லை என்னும் விதியை அவர்களுக்கு எவரும் கற்பிக்க வேண்டியிருக்கவில்லை.

வேதியியல் மாணவர் ஒருவர் இங்கே ஒரு தடையை எழுப்பலாம். ஒரு சேர்மத்தில் தனிமங்கள் மாறாத எடைவீதத்தில் சேரும் என்பது பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் புரூசுட்டு நிறுவிய விதி. அதன்படி இல்மனைட்டில் டைட்டானியம் ஈருயிர்வளியத்தின் பங்கு நூற்றுக்கு 52.6 ஆகக் கணக்காகிறது. ஆனால் மணவாளக்குறிச்சி மணலில் அது ஏறத்தாழ 55, சவறா மணலில் 60. விதி பொய்த்துவிட்டதா? இல்லை. மிக நெடுங்காலமாக மழைநீரும் ஈரமும் மணிக்குள் புகுந்து இரும்பைச் சிறிதுசிறிதாகக் கரைத்துக்கொண்டு போயிருக்கின்றன. வில்லையின் கீழ் ஒற்றை மணியாகத் தெரிவது இப்போது பல சேர்மங்களின் கலவை. சந்தையில் சவறா மணலுக்கு உயர்ந்த மதிப்பு வந்தது இந்தச் சிதைவினால்தான். ஆலை அமிலத்தைக் கொண்டு செய்யும் வேலையில் ஒரு பகுதியை மழை முன்னரே செய்து வைத்திருக்கிறது.

டைட்டானியத்தைக் கண்டறிந்தவரும் ஒரு கருமணலிலிருந்துதான் கண்டறிந்தார். இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் மதகுருவாக இருந்த வில்லியம் கிரகர், 1791இல் ஓடைக்கரை மணலில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். ஆயினும் அதை உலோகமாக்க நூறாண்டுக்கும் மேலாயிற்று. உயிர்வளியை அது அவ்வளவு இறுகப் பற்றிக்கொள்கிறது. குளோரினோடு சேர்த்து நீர்மமாக்கி, காற்றுப்படாத கலத்தில் மக்னீசியத்தைக் கொண்டு குளோரினைப் பறித்தால், பஞ்சுபோன்ற துளைகளோடு உலோகம் எஞ்சும். சவறாவில் இத்தகைய ஆலை 2011இல் திறக்கப்பட்டது. பொருளுதவி செய்தது தும்பாவிலுள்ள விக்கிரம் சாராபாய் விண்வெளி மையம். எஃகுக்கு நிகரான வலிமையும், ஏறத்தாழப் பாதியளவே எடையும் உள்ள இவ்வுலோகத்தால் ஏவுகலங்களின் அழுத்தக் கலன்கள் செய்யப்படுகின்றன. தும்பாவும் கொச்சுவேளியும் ஒரே கடற்கரையில் அடுத்தடுத்து இருப்பவை.

இனி அந்தத் தேன்நிற மணிக்கு வருவோம். 1909இல் சோம்பர்க்கு என்னும் செருமானிய வேதியியலார், திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிச் சென்ற கயிற்றுநாரில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட்டைக் கண்டார். தேங்காய்மட்டையைக் காயலில் ஊறவைத்து அடித்துக் கடற்கரையில் உலர்த்திய கைகளுக்கு, நாரோடு சேர்ந்து எது அயல்நாடு போயிற்று என்பது தெரியாது. சோம்பர்க்கு இங்கு வந்து மணவாளக்குறிச்சியில் பிரிப்பாலை நிறுவினார். முதல் உலகப்போர் மூண்டதும் ஆலைகள் செருமானியர் கையைவிட்டு ஆங்கிலேய நிறுவனங்களிடம் சென்றன. மணவாளக்குறிச்சி அன்று திருவிதாங்கூர் மண். 1956 நவம்பர் 1 முதல் சென்னை மாநிலம், இன்றைய தமிழ்நாடு.

அன்று அனைவரும் மோனசைட்டைத் தேடியதன் காரணம் விளக்கு. ஆத்திரிய வேதியியலார் கார்ல் அவுயர் 1885இல் வளிவிளக்குக்கான வலைத்திரியைப் புனைந்தார். தோரியம் உயிர்வளியம் நூற்றுக்கு 99, சீரியம் உயிர்வளியம் 1 என்ற கலவை 1891இல் அவருக்குக் கைகூடிற்று. பெட்ரோமாக்சு விளக்கின் மேண்டிலைப் புதிதாகக் கட்டிக் கொளுத்தியவர்கள் அறிவர்: நூல் எரிந்து போகும், உயிர்வளியத்தின் எலும்புக்கூடு மட்டும் வலையாக நிற்கும், விரல் பட்டால் உதிரும், ஆனால் விளக்கின் வெப்பத்துக்கு உருகாது. 3,300 பாகை செல்சியசு அளவில்தான் அது உருகும். திருமணப் பந்தலிலும் இரவு மீன்பிடிப்பிலும் ஒளிர்ந்தது அதுதான். நியோடிமியத்தைக் கண்டறிந்தவரும் இதே அவுயர்தான். தோரியம் எடுத்தபின் மிஞ்சிய சீரியத்தை வீணாக்க மனமின்றி, இரும்போடு கலந்து தீமூட்டிகளுக்கான பொறிக்கல்லாக்கினார்.

அரைவாழ்வு என்னும் கருத்தும் தோரியத்திலிருந்து பிறந்ததே. தோரியம் கதிர்வீசுவதை 1898இல் மேரி கியூரியும் சுமிட்டும் தனித்தனியே கண்டனர். மான்ட்ரியலில் இரதர்போர்டு, தோரியத்திலிருந்து ஒருவகை வளி கசிவதையும், அதன் கதிர்வீச்சு ஏறத்தாழ ஒரு நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறைவதையும் 1900இல் வெளியிட்டார். எவ்வளவு எடுத்தாலும் ஒரு நிமிடத்தில் பாதி. எஞ்சியதில் அடுத்த நிமிடத்தில் பாதி. சூடாக்கினாலும் குளிரவைத்தாலும் மாறாது. பிரெடரிக் சாடியோடு சேர்ந்து அவர் மேலும் ஆராய்ந்து, ஒரு தனிமம் மற்றொன்றாக மாறுகிறது என்று அறிவித்தார். இரசவாதிகள் உலையில் தேடியது மணலில் தானாகவே நடந்துகொண்டிருந்திருக்கிறது.

தோரியத்தின் அரைவாழ்வோ 1,405 கோடி ஆண்டு. பேரண்டத்தின் அகவையே 1,380 கோடி ஆண்டுதான். 55 கோடி ஆண்டுகளுக்கு முன் பொன்முடிப் பாறையில் உருவான மோனசைட்டு மணியில் இன்றுவரை தோரியம் நூற்றுக்கு மூன்றுகூடக் குறையவில்லை. குறைந்தது ஈயமாகி அதே மணிக்குள் நிற்கிறது. ஈயத்தையும் தோரியத்தையும் அளந்தால் மணியின் அகவை வந்துவிடும். மேலே சொன்ன 55 கோடி என்ற எண் வந்த வழியும் இதுவே. ஒரு தோரிய அணு ஈயமாவதற்குள் ஆறு ஈலிய அணுக்கருக்களை வீசுகிறது. அவற்றுள் ஒரு பகுதி மணிக்குள் சிறைப்பட்டுக் கிடக்கும். இலெய்டனில் கேமர்லிங் ஒன்னசு 1908இல் முதன்முதலாக ஈலியத்தை நீர்மமாக்கியபோது, அவ்வளியை மோனசைட்டு மணலைச் சூடாக்கியே திரட்டினார். அது அமெரிக்க மணல்.

கதிர்வீசும் மணலின்மேல் வாழ்வோர் நிலை என்ன? உலகில் ஒருவர் இயற்கையிலிருந்து ஓராண்டில் பெறும் கதிர்வீச்சு சராசரியாக 2.4 மில்லிசீவர்ட்டு. சவறா, நீண்டகரைப் பகுதியில் சில இடங்களில் அது பன்மடங்கு. திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் அப்பகுதியை உள்ளடக்கிய கருநாகப்பள்ளி வட்டத்தில் 69,958 பேரைச் சராசரி பத்தரை ஆண்டுகள் தொடர்ந்து கண்காணித்தது. 1,379 பேருக்குப் புற்றுநோய் கண்டது. கூடுதல் கதிர்வீச்சுப் பெற்றோரிடம் நோய் கூடியதாகத் தெரியவில்லை என்று 2009இல் முடிவு வெளியாயிற்று. மணலைக் கண்டு நடுங்குவோர்க்கும், மணலே மருந்தென்று புதைந்து கிடப்போர்க்கும் இம்முடிவு இடம் தரவில்லை. சிறிய அளவு தீங்கு இருந்தாலும் இத்தகைய ஆய்வின் கண்ணுக்குத் தப்பக்கூடும் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும்.

தோரியத்தைப் பற்றிய பெருங்கனவும் உண்டு. 1947இல் திருவிதாங்கூரைத் தனிநாடாக நிறுத்த முனைந்த திவான் சி. பி. இராமசாமி ஐயரின் கணக்கில் அது ஓர் இருப்பாக இருந்தது. 1950இல் நடுவண் அரசு இந்திய அருமண் நிறுவனத்தை நிறுவியது. தோரியம் தானே பிளந்து ஆற்றல் தருவதன்று; நொதுமியை விழுங்கி யுரேனியம் 233 ஆக மாறியபின்தான் பிளக்கும். அப்படிப் பெற்ற யுரேனியத்தால் இயங்கும் காமினி உலை கல்பாக்கத்தில் 1996இல் இயங்கத் தொடங்கிற்று. அதன் ஆற்றல் 30 கிலோவாட்டு. நம் மணல் நாட்டுக்கே விளக்கேற்றும் என்று மேடையில் முழங்குவோர் இந்த எண்ணை மனத்தில் கொள்வது நலம். மண்ணுக்கும் மின்னுக்கும் இடையே பொறியியல் என்று ஒன்று இருக்கிறது. மாறாக, ஓசையின்றி நடக்கும் பணிகள் உண்டு: சிர்க்கானிலிருந்து வரும் சிர்க்கோனியம் அணு உலைகளின் எரிபொருளுக்கு உறையாகிறது, அதற்கான ஆலை தூத்துக்குடிக்கு அருகே பழையகாயலில் உள்ளது.

மணலை எடுத்தால் கரை நிற்குமா என்பது கொல்லம் மாவட்டத்து ஆலப்பாட்டு மக்கள் எழுப்பிய கேள்வி. திருவனந்தபுரத்துச் சங்குமுகத்தில் மணலெடுப்பு இல்லாமலே கடல் சாலையைத் தின்றதும் கண்கூடு. அரிப்புக்குக் காரணம் பல. ஆனால் ஆறுகள் அணைகளில் மணலை இழந்து கடலுக்கு வெறுங்கையோடு வரும் இக்காலத்தில், கரையில் உள்ளதையும் வாரிக்கொண்டே இருக்கலாம் என்பது தவறான கணக்கு என்றே கருதுகிறேன்.

கன்னியாகுமரி முதல் கொல்லம் வரையுள்ள பள்ளி ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். அயல்நாட்டு நூலில் வந்த எடுத்துக்காட்டுகளை ஒருநாள் மூடிவைத்து, மாணவரைக் கடற்கரைக்கு அழைத்துச் செல்லுங்கள். ஒரு கைவில்லை, ஒரு காந்தம், ஒரு வெள்ளைத்தாள் போதும். பார்த்து முடித்ததும் மணலை எடுத்த இடத்திலேயே கொட்டிவிடுங்கள்; மோனசைட்டு, அணுவாற்றல் சட்டத்தின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்ட பொருள்.